கல்லு ஃபோர்க்

போன மாதம் பதுளையில் உங்கள் மெக்கானிக் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டு, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்றார்கள். எழுந்து நின்றேன். முப்பது முகங்கள் என்னைப் பார்த்தன. "வேலையைக் கவனமாகச் செய்யுங்கள்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டல் இன்னும் உறுத்துகிறது. நான் சொன்ன அந்த வரியை வைத்துக்கொண்டு யாரும் ஒரு நட்டைக்கூட முறுக்க முடியாது.

அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம். இதைப் படித்துவிட்டு சில கராஜ்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு வலது தோள்பட்டை போய், ஸ்பேனரைக் கீழே வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. இனி என்னை வேலையை விட்டு நிறுத்த யாராலும் முடியாது. அதுவும் ஒருமுறை நடந்து முடிந்ததுதான்.

அன்று வகுப்பில் உங்களில் ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றின் முன் சக்கரத்துக்கு இருபுறமும் தங்க நிறத்தில் தடித்த ஃபோர்க் குழாய்கள் போட்டிருந்தார்கள். "இதப் போட்டா வளைவுல ஒட்டிக்கிட்டுப் போகுமா பாஸ்?" என்று கேட்டார். எங்கள் பக்கம் கைவேலைக்காரர் எல்லோரும் பாஸ்தான். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டாரோ இல்லை என்று எடுத்துக்கொண்டாரோ தெரியாது. அவருக்கான பதில்தான் இது. கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன்.

நான் பதினெட்டு வருஷம் பதுளையில் ஒரு கராஜில் வேலை செய்தேன். கராஜின் பெயர் வேண்டாம். முதலாளியை முதலாளி என்றே எழுதுகிறேன். எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் மலையிலிருந்து இறங்கி வருபவர்கள். நமுனுகுல, தெமோதரை, அந்தப் பக்கம் பெரகல வரைக்கும் உள்ள தோட்டங்களிலிருந்து வருவார்கள். எல்லோருக்கும் ஒரே முறைப்பாடுதான். "பாஸ், எறக்கத்துல பிரேக் புடிச்சா முன்னுக்கு அப்படியே குந்துது. பயமா இருக்கு. இறுக்கித் தாங்க."

பயம் நியாயமானதுதான். பின்னால் ஒரு மூட்டை, முன்னால் செங்குத்தான இறக்கம், பக்கத்தில் பள்ளம். பிரேக் பிடித்தவுடன் வண்டியின் மூக்கு தரையைப் பார்த்தால் யாரும் பிரேக்கை விட்டுவிடத்தான் பார்ப்பார்கள். அந்தப் பயத்துக்கு எங்கள் கராஜில் ஒரு வைத்தியம் இருந்தது. முன் ஃபோர்க்கின் இரண்டு குழாய்க்குள்ளும் ஸ்பிரிங்குக்கு மேலே தண்ணீர்க் குழாயில் வெட்டிய ஒரு துண்டைப் போட்டு இறுக்குவோம். அதற்குரிய எண்ணெயை வடித்துவிட்டு கியர் பெட்டிக்கு ஊற்றும் தடித்த எண்ணெயை ஊற்றுவோம். அரை மணி நேர வேலை.

பிறகு முதலாளி வருவார். வாடிக்கையாளரைப் பக்கத்தில் நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஹேண்டிலை முழு உடம்பையும் போட்டு அழுத்துவார். அவர் நல்ல பாரமான மனிதர். ஃபோர்க் அசையாது.

"பாத்தீங்களா? கல்லு!" என்பார்.

வாடிக்கையாளர் முகம் மலர்ந்துவிடும். அப்படித்தான் "கல்லு ஃபோர்க்" என்று பெயர் வந்தது. நமுனுகுல பஸ்ஸில் முன்பின் தெரியாத இரண்டு பேர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்ததை நானே கேட்டிருக்கிறேன். பெருமையாகத்தான் இருந்தது.

முதலாளி கெட்டவர் அல்ல. அந்த முகம் மலர்வதை அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். எனக்கும் பிடித்திருந்தது. நாங்கள் யாருமே அந்த வண்டியை மலைக்கு ஏற்றிப் பார்க்கவில்லை. பதுளை வெயிலில், சிமெண்டுத் தரையில் நிறுத்தி, கையால் அழுத்திப் பார்த்து அனுப்பினோம்.

ஒரு நாள் யோகா மிஸ்ஸி வந்தார். தோட்டத்தில் தாதியையும் மருத்துவச்சியையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் மருத்துவச்சி. நமுனுகுலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளை நிறுப்பது அவருடைய வேலை. நூறு சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை ஓட்டினார். பின்னால் பெட்டியில் தராசு, மருந்துப் பை, பதிவுக் கொப்பிகள்.

அவருடைய முறைப்பாடும் அதேதான். எறக்கத்தில் குந்துகிறது, சில நேரம் "டக்" என்று அடிக்கிறது. நான் கல்லு ஃபோர்க் செய்து கொடுத்தேன். என் கையால் செய்தேன். முதலாளி அழுத்திக் காட்டினார். மிஸ்ஸி சந்தோஷமாகப் போனார்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்.

"பாஸ், இப்ப குந்துறது இல்ல. ஆனா வேற மாதிரி இருக்கு. சக்கரம் கல்லு மேல ஏறி எறங்குறது இல்ல, தட்டிட்டுத் தட்டிட்டுப் போகுது. கைக்கு ரோடே தெரியல. காலையில ரொம்ப மோசம். வெயில் ஏறினா கொஞ்சம் பரவாயில்ல."

இந்த வார்த்தைகளை இன்னொரு தரம் படியுங்கள். ஃபோர்க்கில் இருந்த அத்தனை குற்றமும் இதில் இருக்கிறது. குழாய்த் துண்டு போட்டு ஸ்பிரிங்கை நசுக்கியது, தடித்த எண்ணெய் ஊற்றியது, மேலே பனிக்குளிரில் அந்த எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி உறைந்து நின்றது, எல்லாமே. ஒரு பாகத்தின் பெயரும் தெரியாமல் அவர் முழுவதையும் சொல்லிவிட்டார்.

நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். "எந்த இடத்துல மிஸ்ஸி?" என்று மட்டும் கேட்டிருந்தாலே போதும். எனக்குக் கூச்சம். அதுவும் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது. அவர் வந்து மறுபடி ஹேண்டிலை அழுத்தினார்.

"அசையுதா? இல்லயே. புதுசுதானே மிஸ்ஸி, பழகிரும்."

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டேன். கையில் அழுக்கே இல்லை.

பதினோரு நாள் கழித்து அவர் விழுந்தார். தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்கு இறங்கும் பாதையில் மூன்றாவது வளைவு. மழைத் தண்ணீர் குறுக்கே ஓடி ஓடி அந்த இடம் துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக இருக்கும். காலை ஏழு மணி. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தார். முன் சக்கரம் வரிகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு துள்ளிப் போனது. காற்றில் இருக்கும் சக்கரத்துக்கு பிரேக் பிடித்து என்ன, ஹேண்டில் திருப்பி என்ன? இடது மணிக்கட்டு முறிந்தது. ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் பள்ளம்.

வண்டியைத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் போட்டு எங்கள் கராஜுக்கு அனுப்பினார்கள். எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் நான் மட்டும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு சேற்றுக் கோடு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? ஃபோர்க் எதுவரைக்கும் இறங்கியதோ அதுவரைக்கும் துடைத்துச் சுத்தமாகவும், அதற்கு மேலே சேறாகவும் இருக்கும். விரல் வைத்து அளந்தேன். ஆறு விரல் அளவு இறங்க வேண்டிய ஃபோர்க். அந்தப் பாதையில், அந்தக் கல்லில், அந்த விழுகையில்கூட, இரண்டு விரல்தான் இறங்கியிருந்தது.

நான் இரண்டு இரும்புக் கம்பிகளைத்தான் அவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

முதலாளியிடம் காட்டினேன். பார்த்தார். அவருக்கும் புரிந்தது. அவர் நல்ல வேலைக்காரர், புரியாமல் இருக்காது. "ரோடு மோசம். பொம்பள ஆளு, பயந்து போய் பிரேக்க அமத்தியிருப்பா. நீ வாயத் தொறக்காத" என்றார்.

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு மிகவும் லேசான வேலை. அவருக்கும் அது தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸியைப் பார்க்கப் போனேன். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பக்கத்தில் அவருடைய குவாட்டர்ஸ். கையில் மாவுக்கட்டோடு இருந்தார். பெரிய டொக்டரிடமிருந்து வந்த ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். காயம் ஆறியதும் அவர் கீழ் டிவிசன் கிளினிக்கில் மட்டும் உட்கார வேண்டும். மேல் டிவிசனுக்கு இனி யாரும் போக மாட்டார்கள். கர்ப்பிணிகள் மாதம் இரண்டு முறை ஸ்டோருக்கு இறங்கி வர வேண்டும்.

"மூணு மைல் பாஸ். ஏழு மாசம், எட்டு மாசம் வயித்தோட மூணு மைல் எறங்கி மூணு மைல் ஏறணும். வருவாங்களா? வர மாட்டாங்க. வலி வந்த பெறகுதான் நமக்குத் தெரியும்."

"ஏன் இப்படி முடிவெடுத்தாங்க?"

"தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுத்திருக்காரு, நான் வேகமாப் போனேன்னு. எனக்கு ஓட்டத் தெரியாதாம். ஆறு வருசமா இதே பாதையிலதான் போறேன். அப்பல்லாம் தெரிஞ்சிருந்துச்சு போல." சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "நீங்க என்னா நெனைக்கிறீங்க? எனக்கு ஓட்டத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும் மிஸ்ஸி. எனக்குத்தான் ஃபோர்க் செய்யத் தெரியல."

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பெரிய டொக்டருக்கு. நான்கு வரிதான். "மிஸ்ஸி விழுந்ததற்கு மிஸ்ஸி காரணம் அல்ல. முன் ஃபோர்க்கைப் பிழையாகச் செய்தது நான். அது பிழை என்று மிஸ்ஸி முன்கூட்டியே சொன்னார், நான் கேட்கவில்லை. சரியாகச் செய்து, அதே பாதையில் அவரே ஓட்டிக் காட்ட ஒரு சந்தர்ப்பம் தாருங்கள்." கீழே என் பெயர், கையெழுத்து. காரியாலயத்தில் பியோனிடம் கொடுத்துவிட்டு, அவர் உறையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் நான் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன்.

டொக்டர் மிஸ்ஸியிடம் விசாரித்து, கராஜுக்கு போன் எடுத்தார். எடுத்துப் பேசியது முதலாளி.

"நீ எழுதினியா?" என்று என்னிடம் வந்தார்.

"ஆமா முதலாளி."

"கராஜ் பேரப் போட்டியா?"

"போடல. எம் பேரு மட்டும்தான்."

"ஒம் பேரு எவனுக்குத் தெரியும்? ஒன்னயப் பாத்தா எல்லாருக்கும் எங் கராஜ்தானே ஞாபகம் வரும்!"

"அப்ப கராஜ்லயே மாத்திருவோம் முதலாளி. அந்தக் குழாய்த் துண்டுகளத் தூக்கி வீசிருவோம்."

"பதினெட்டு வருசமா செய்ற வேல. ஒரு ஆளு விழுந்ததுக்கு மாத்தணுமா?"

"விழுந்தவங்க எல்லாம் நம்மகிட்ட வந்து சொன்னாங்களா? மத்தவங்க ரோட்டத் திட்டிட்டுப் போயிருப்பாங்க."

சுற்றி நின்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். பதினெட்டு வருஷத்தில் நான் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவருக்குக் கோபத்தை விட ஆச்சரியம்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

"வெளிய போய் ஒன் இஷ்டத்துக்குச் செஞ்சுக்க. அந்த வண்டியையும் எடுத்துக்கிட்டுப் போ."

எடுத்துக்கொண்டு போனேன். ஸ்பேனர்கள் கிடந்த என் ஆயுதப் பெட்டியும், மிஸ்ஸியின் வண்டியும், அதே கொழுந்து லொறியில்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். முன் ஃபோர்க்கை மேம்படுத்துவது எப்படி?

முதலில், அதை அசைய விடுவது. ஃபோர்க் இருப்பதே அசைவதற்குத்தான். சக்கரம் கல்லுக்கு ஏறி, குழிக்கு இறங்கி, எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். குந்துவது குற்றம் என்றால் அந்த ஆளுடைய பாரத்துக்கும் சுமைக்கும் ஏற்ற ஸ்பிரிங்கைத் தேடிப் போடுங்கள். அதற்கு அலைய வேண்டியிருக்கும். நான் பண்டாரவளைக்குப் போய் மூன்று பழைய சாமான் கடைகள் ஏறி இறங்கி, அதே தடிமன் குழாய் உள்ள வேறொரு வண்டியின் ஸ்பிரிங் சோடி ஒன்றைப் பிடித்தேன். திரும்பி வரும்போது மடியில் வைத்திருந்ததைப் பார்த்து பஸ் கண்டக்டர், "என்னா பாஸ், கட்டிலுக்கு ஸ்பிரிங்கா? வயசான காலத்துல எதுக்கு?" என்றார். பஸ்ஸே சிரித்தது. தெமோதரை வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

குழாய்க்குள் தேய்ந்த புஷ் வளையம் இரண்டையும் மாற்றினேன். ஹேண்டில் கழுத்தின் பேரிங் பந்துகளை மாற்றினேன். எண்ணெயை மெல்லியதாக ஊற்றினேன். பிறகு நானே ஓட்டிப் பார்த்தேன், பின்னால் ஒரு அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு. எனக்கு நன்றாக இருந்தது. முடிந்தது என்று மிஸ்ஸியிடம் சொன்னேன்.

"நீங்க ஓட்டினா ஒங்களுக்கு எப்படி இருக்குன்னு தெரியும். எனக்கு எப்படி இருக்கும்னு எப்படித் தெரியும்?" என்றார்.

எனக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லித் தந்தவர்கள் பலர். கேட்கச் சொல்லித் தந்தது இந்த ஒரு வரி. கட்டு அவிழ்த்து, அவர் கை தேறும்வரை காத்திருந்தேன். பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். காலை ஏழு மணிக்கு, பனி இருக்கும்போதே. ஃபோர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பட்டியைக் கட்டிவிடுவேன். ஃபோர்க் இறங்கும்போது அது நகர்ந்து போய் நிற்கும். மிஸ்ஸி ஸ்டோர் வரை இறங்கி ஏறி வருவார். நான் ஒரே கேள்விதான் கேட்பேன். "எந்த எடத்துல, என்னா செஞ்சுச்சு?"

"ரெண்டாவது வளைவுல மிதக்குற மாதிரி இருந்துச்சு. தோணியில போற மாதிரி."

எழுதிக்கொள்வேன். எண்ணெய் கொஞ்சம் அதிகமாக மெல்லிசு. மாற்றுவேன். மறுபடி இறங்குவார்.

"இப்ப தோணி இல்ல. ஆனா வாய்க்கால் தாண்டும்போது தோள்ல குத்துது."

மறுபடி மாற்றுவேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து இறங்கியவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. "பாஸ், கைக்கு ரோடு தெரியுது" என்றார். பட்டி ஐந்து விரல் நகர்ந்திருந்தது. ஆறாவது விரல், எதிர்பாராத குழிக்கு.

என் கடிதத்தைப் படித்த டொக்டர், பாதைக்கே வந்து பார்ப்பதாக மிஸ்ஸியிடம் சொல்லியிருந்த நாள் வந்தது. முதல் நாள் மாலை ஆசையில் ஒரு காரியம் செய்தேன். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, புது வண்டி மாதிரிப் பூட்டி வைத்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை.

மூன்றாவது வளைவில் டொக்டரின் ஜீப் நின்றது. டொக்டர் சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். பக்கத்தில், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். நான் ஜீப்புக்குப் பின்னால் நின்றேன்.

"டொக்டர் ஐயா, எதுக்கும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வெச்சிருவமா?" என்றார் கணக்கப்பிள்ளை.

மேலேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "ஆமாங்க, ஒங்களுக்குத் தலை சுத்தினா தேவப்படும்!" மலை முழுக்கச் சிரித்தது. யார் என்று அவர் தேடிப் பார்த்தார். எல்லோரும் மும்முரமாகக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மிஸ்ஸி இறங்கி வந்தார். பின்னால் பெட்டி, தராசு, எல்லாம் வழக்கம் போல. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தார். வண்டியின் மூக்கு அளவாகத் தாழ்ந்தது. வரிகளுக்கு மேலே முன் சக்கரம் தையல் மெசின் ஊசி மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. ஹேண்டில் ஆடவில்லை. வளைந்து வந்து ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, "நல்லம்" என்றார் டொக்டர். ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தார்.

அப்போது மிஸ்ஸி என்னைப் பார்த்தார். அன்று கராஜில் பார்த்த அதே பார்வை. தாழ்ந்த குரலில், "பாஸ், நல்லா இருக்கு. ஆனா பிரேக் புடிச்சா லேசா இடது பக்கம் இழுக்குது. போன ஞாயித்துக்கெழம இல்ல" என்றார்.

என் மனதில் ஓடியதை அப்படியே சொல்கிறேன். டொக்டர் சரி என்றுவிட்டார். பேனா கையில் இருக்கிறது. இந்த நேரத்தில் குற்றம் இருக்கிறது என்று வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். "பழகிரும் மிஸ்ஸி" என்ற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது. முதலாளியின் குரலிலேயே வந்தது.

ஜீப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"சேர், கையெழுத்துப் போடாதீங்க. இன்னும் முடியல."

கணக்கப்பிள்ளை கையைப் பிரித்தார். "நான் அப்பவே சொன்னேனே ஐயா!"

"என்ன பிழை?" என்றார் டொக்டர்.

"இடது பக்கம் இழுக்குது. நேத்துக் கழட்டிப் பூட்டும்போது நான் அவசரப்பட்டுட்டேன். பத்து நிமிசம் தாங்க."

பாதையிலேயே குந்தி உட்கார்ந்தேன். முன் அச்சையும் அதைக் கவ்வும் பிடியையும் தளர்த்தினேன். மிஸ்ஸியை ஏறி உட்காரச் சொல்லி, நாலைந்து தரம் அழுத்தி எழுப்பச் சொன்னேன். இரண்டு குழாயும் தங்கள் இடத்தைத் தாங்களே தேடிக்கொண்டு நேராகின. பிறகு முதலில் அச்சு, அடுத்துப் பிடி என்று முறையாக முறுக்கினேன். முதல் நாள் மாலை பிடியை முதலில் முறுக்கியிருந்தேன். இத்தனை வருஷம் வேலை செய்தவன் செய்கிற பிழையா? ஆமாம், செய்கிற பிழைதான்.

டொக்டர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப அவங்க இப்ப பிழையான வண்டியிலதான் எறங்கினாங்களா?"

"ஆமா சேர். ஓட்டிக்கிட்டே பிழையைக் கண்டுபிடிச்சுட்டாங்க. போன தடவையும் அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. நான்தான் கேக்கல."

அவர் நிமிர்ந்து கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். "இவங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு நீங்கதானே எழுதினது?"

கணக்கப்பிள்ளை பாதையோர வாய்க்காலைக் கவனமாகப் பார்த்தார், அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது போல.

மிஸ்ஸி வண்டியைத் திருப்பி மேலே ஏறினார். வளைவுகளில் சத்தம் மறைந்து மறைந்து கேட்டது. மறுபடி இறங்கி வந்தார். தாழ்ந்தது, நிமிர்ந்தது, வளைந்தது. ஒரு நூல்கூட இழுக்கவில்லை, என் கண்ணுக்கே தெரிந்தது.

தங்க நிற ஃபோர்க்கைக் காட்டிய தம்பி, அன்று கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு தங்கச்சிமார், எல்லோருக்கும் சொல்கிறேன். தங்கத்தில் போடுங்கள், வெள்ளியில் போடுங்கள். போட்ட பிறகு சிமெண்டுத் தரையில் நிறுத்தி அழுத்திக் காட்டாதீர்கள். "கல்லு மாதிரி இறுக்கித் தாங்க" என்று கேட்டு வருகிறவரிடம் முடியாது என்று சொல்லுங்கள். முதலாளி சொன்னாலும் முடியாது என்று சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். எனக்குப் போனது. தெமோதரையில் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டில் போட்டு, ஒரு குழாய்த் துண்டும் வெட்டாமல் பிழைத்தேன். பதுளையில் இன்றைக்கும் சில இடங்களில் ஹேண்டிலை அழுத்தி "பாத்தீங்களா?" என்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் பார்த்தேன். இரண்டு விரல்.

அன்று இரண்டாம் தடவை இறங்கி வந்த மிஸ்ஸி ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் நிறுத்தவில்லை. எங்களைத் தாண்டும்போது இடது கையை ஹேண்டிலிலிருந்து ஒரு கணம் எடுத்து, முறிந்து ஆறிய அதே கையை, எனக்கு ஆட்டிவிட்டு, கீழ் டிவிசன் பாதையில் திரும்பிப் போய்விட்டார். அங்கே எட்டு மணிக்கு அவருக்குக் கிளினிக். மேலே மலையில் பெண்கள் கூவினார்கள்.

டொக்டர் ஃபைலும் பேனாவுமாகத் தூசிக்குள் நின்றார். "நான் வெச்சாச்சு. இதுல அவங்களும் சைன் வெக்க வேணுமே. மேல் டிவிசன் அவங்களுக்கே தாறதுக்கு."

"நாளைக்கு வந்து வெப்பாங்க சேர்" என்றேன். "இப்ப அவங்களுக்கு வேல இருக்கு."